காசிமேட்டுப் படிப்பகத்துத் தரையில் எந்தச் சுழல்?

காசிமேட்டில் எங்கள் படிப்பகத்துக்குப் பின்னால் சிமென்ட் பூசிய திறந்த தரை ஒன்று இருக்கிறது. நீளமும் அகலமும் 35 அடி. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் விசைப்படகுகள் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையும் அந்த நாள்களில்தான் வருகிறது. அந்தக் கோடையில் குழந்தைகள் நடந்து விளையாடும்படி இந்தத் தரையில் ஒரு சுழல்பாதை வரைவது என்று செயற்குழு முடிவெடுத்துவிட்டது. எந்தச் சுழல்பாதை என்பதுதான் இன்னும் இழுபறியாக இருக்கிறது. கிரேக்கப் புராணத்தின் ஏழு சுற்று வடிவம், பாரதத்துச் சக்கர வியூகம், பிரான்சு நாட்டுத் தேவாலயத் தரையில் உள்ள பதினொரு சுற்று வடிவம், சினிமாவிலும் வீடியோ கேமிலும் பிள்ளைகள் பார்த்துப் பழகிய பல கிளை வழிகள் கொண்ட புதிர், நம் வாசல் சிக்குக் கோலம் என ஐந்து யோசனைகள் வந்துள்ளன. ஐந்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் தரை ஒன்றுதான் இருக்கிறது. ஒருமுறை பெயின்ட் அடித்துவிட்டால் சில ஆண்டுகளுக்கு அதை அழிக்க மாட்டோம்.

முதலில் ஒரு பாகுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்; எங்கள் கூட்டத்தில் நடந்த வாதங்களில் பாதி, இது தெளிவாகாததால் வந்தவை. சுழல்பாதைகளில் இரண்டு இனங்கள் உண்டு. ஒன்று ஒற்றைவழி: நுழைந்தால் பாதை எத்தனை முறை மடங்கினாலும் எங்கும் பிரியாமல் நடுவில் கொண்டுபோய் விடும், வந்த வழியே திரும்பினால் வாசல் வந்துவிடும், தொலைந்து போகவே முடியாது. மற்றது கிளைவழி: சந்துக்குச் சந்து பிரியும், முட்டுச்சந்துகள் வரும், தப்பாகத் திரும்பினால் சுற்ற வேண்டியிருக்கும். ஞாயிறு நாளிதழ்களின் சிறுவர் பகுதியில் ‘முயலுக்கு வழி காட்டுங்கள்’ என்று வருவது இரண்டாவது இனம். வேடிக்கை என்னவென்றால், தொலைந்து போவதைப் பற்றிய பழைய கதைகளோடு நமக்கு வந்து சேர்ந்த பழைய படங்கள் ஏறக்குறைய எல்லாமே முதல் இனத்தைச் சேர்ந்தவை. கதை சொல்வது ஒன்று, படம் காட்டுவது வேறொன்று. எங்கள் முடிவு இந்த முரணைச் சுற்றியே நிற்கிறது.

கிரேக்கக் கதையை எடுத்துக்கொள்வோம். கிரீட் தீவின் அரசன் மினோஸ், மாட்டுத்தலையும் மனித உடலுமான மினோட்டாரை அடைத்து வைப்பதற்காக டெடலஸ் என்ற கைவினைஞனைக் கொண்டு, உள்ளே போனவர் வெளியே வர முடியாத ஒரு கட்டடத்தைக் கட்டச் செய்கிறான். ஏதென்ஸ் நகரத்து இளைஞர்களும் இளம்பெண்களும் அந்த மிருகத்துக்குப் பலியாக அனுப்பப்படுகிறார்கள். அவர்களில் ஒருவனாக வந்த தீசியஸிடம் அரசன் மகள் அரியாட்னே ஒரு நூல்கண்டைக் கொடுக்கிறாள். அதைப் பிரித்துக்கொண்டே உள்ளே போனவன், மிருகத்தைக் கொன்றுவிட்டு நூலைப் பிடித்துக்கொண்டே வெளியே வருகிறான். நூல் தேவைப்பட்டது என்றாலே அது கிளைவழிதான். ஆனால் அதே கிரீட் தீவின் க்னோசஸ் நகரம் வெளியிட்ட பழைய நாணயங்களில் உள்ள சுழலை விரல் வைத்துப் பின்தொடர்ந்தால், ஏழு சுற்றுகளும் ஒரே பாதை. நூலுக்கு அங்கே வேலையே இல்லை. கிரேக்க நாட்டின் பைலோஸ் அரண்மனையில் கிடைத்த, ஏறக்குறைய கி.மு. 1200-ஐச் சேர்ந்த களிமண் ஏட்டின் பின்புறத்திலும் இதே வடிவம் சதுரமாகக் கீறப்பட்டிருக்கிறது. 1900-இல் ஆர்தர் எவான்ஸ் க்னோசஸ் அரண்மனையைத் தோண்டத் தொடங்கியபோது வெளிப்பட்ட எண்ணற்ற அறைகளைப் பார்த்துப் பலரும், அந்தக் கட்டடமே இந்தக் கதைக்கு வித்தாக இருந்திருக்கும் என்று எண்ணினார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் மக்கள் கைக்குக் கை மாற்றிக்கொடுத்தது அறைகளின் வரைபடத்தை அல்ல, இந்த ஏழு சுற்றுப் படத்தைத்தான்.

அது பரவியதற்கு முக்கியக் காரணம், அதை யாரும் வரைந்துவிடலாம் என்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. கூட்டத்தில் இதைத் தரையில் சாக்பீஸால் வரைந்தே காட்டினோம். நடுவில் ஒரு பெரிய கூட்டல் குறி. அது பிரிக்கும் நான்கு மூலைகளிலும், நடுவை நோக்கி மடங்கும்படி ‘ட’ எழுத்தைப் போல ஒவ்வொரு மடக்கு. அந்த மடக்குகளுக்கு வெளியே, நான்கு மூலைக் கோடிகளிலும் ஒவ்வொரு புள்ளி. எண்ணிப் பார்த்தால் கோட்டு முனைகளும் புள்ளிகளுமாக 16 வரும். கூட்டல் குறியின் மேல்முனையிலிருந்து அதன் வலப்பக்கத்து மடக்கின் முனைக்கு ஒரு வளைவு. பிறகு இடப்பக்கத்து அடுத்த முனையிலிருந்து, முந்தைய வளைவுக்கு மேலே போய், வலப்பக்கத்து அடுத்த முனைக்கு இன்னொன்று. இப்படியே எட்டு வளைவுகள் போட்டால் சுழல் முடிந்துவிடும். தினமும் வாசலில் கோலம் போடும் ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவி, மூன்றாவது வளைவைப் பார்த்ததுமே சாக்பீஸை வாங்கி மீதியை அவளே முடித்துவிட்டாள். கோல மாவில் பழகிய கைக்கு இது புதிதல்ல.

நடப்பவருக்கு இந்த வடிவம் தரும் அனுபவமும் கவனிக்கத்தக்கது. வெளியிலிருந்து சுற்றுகளுக்கு 1 முதல் 7 வரை எண் கொடுத்தால், பாதை நம்மை முதலில் மூன்றாம் சுற்றுக்கும், பிறகு இரண்டுக்கும் ஒன்றுக்கும் கொண்டுபோகிறது. அதாவது உள்ளே நுழைந்தவரை விளிம்புக்குத் தள்ளுகிறது. பிறகு நான்கு; அங்கிருந்து ஒரேயடியாக ஏழு. ஏழாம் சுற்று நடுவை ஒட்டியே ஓடுகிறது, கை நீட்டினால் நடு எட்டிவிடும், ஆனால் உள்ளே நுழைய வழியில்லை. அங்கிருந்து ஆறுக்கும் ஐந்துக்கும் விலக்கிக்கொண்டு போய், ஐந்திலிருந்துதான் நடுவுக்குள் விடுகிறது. முடிவு தெரிந்த பாதையாக இருந்தும் இது சலிக்காமல் இருப்பதற்கு இந்த ஏமாற்றுதான் காரணம். எட்டு வயதுப் பிள்ளைகள் ஏழாம் சுற்றில் கோட்டைத் தாண்டிக் குதிக்கப் பார்ப்பார்கள் என்பது நிச்சயம். குதிக்கட்டும், அதற்கும் ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து, எங்கள் கூட்டத்தில் மிக அதிகமான கை உயர்ந்த சக்கர வியூகம். வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு அபிமன்யுவின் சண்டை நடக்கும் இரவு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குருட்சேத்திரப் போரின் பதின்மூன்றாம் நாள், அர்ஜுனனை வேறு பக்கம் இழுத்துவிட்டுத் துரோணர் வியூகம் அமைக்கிறார். தருமர் கேட்கும்போது, உடைத்து உள்ளே போக அப்பா கற்றுக்கொடுத்திருக்கிறார், ஆபத்து வந்தால் வெளியே வரத் தெரியாது என்று பதினாறு வயதுப் பிள்ளை வெளிப்படையாகவே சொல்கிறான். பின்னாலேயே வருவதாக வாக்குக் கொடுத்த பெரியப்பன் சித்தப்பன்மாரைச் சிவனிடம் பெற்ற வரத்தின் பலத்தில் ஜெயத்ரதன் வாசலிலேயே நிறுத்திவிடுகிறான். வில்லும் தேரும் போன பிறகு தேர்ச்சக்கரத்தைத் தூக்கிச் சண்டையிட்டு அவன் சாகிறான். தாயின் வயிற்றில் இருந்தபோது பாதிக் கதை கேட்டான் என்பது மக்கள் வழக்கில் பரவிய கதை. அதுவே இன்று பாரதத்தைவிட அதிகம் தெரிந்ததாகிவிட்டது. அரசியல் மேடையிலும் கிரிக்கெட் வர்ணனையிலும் ‘சக்கர வியூகம்’ என்ற சொல் ஒரு நாளாவது ஓய்வெடுப்பதில்லை.

வியூகத்தின் பாதை இப்படித்தான் வளைந்தது என்று பாரதம் படம் போட்டுக் காட்டவில்லை. சக்கரம் என்றும் தாமரை என்றும்தான் சொல்கிறது. படத்தைக் கொடுத்தவர்கள் சிற்பிகள். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹளேபீடு ஹொய்சளேசுவரர் கோயிலின் புடைப்புச் சிற்பத்தில் அபிமன்யு நுழையும் வியூகம் ஒற்றைவழிச் சுழலாகவே செதுக்கப்பட்டிருக்கிறது. சக்கர வியூகம் என்ற பெயரில் வழங்கும் வடிவம் கிரேக்க வடிவத்துக்கு நெருங்கிய உறவு: கூட்டல் குறிக்குப் பதில் மூன்று கைகள் கொண்ட தொடக்கக் குறியிலிருந்து, அதாவது வித்திலிருந்து, வளர்கிறது, நடுப்பகுதி நத்தை ஓடு போல உள்ளே உள்ளே சுருள்கிறது. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணுக்குச் சுகப்பிரசவம் ஆக இதே வடிவத்தை யந்திரமாக வரைந்து, கழுவிய நீரைக் குடிக்கக் கொடுக்கும் வழக்கமும் இந்தியாவில் இருந்திருக்கிறது. சாவில் முடிந்த கதையின் படம் பிறப்பின் கஷ்டம் தீரப் பயன்பட்டது என்பது இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் யோசிக்க வைத்த செய்தி.

கதையளவில் சக்கர வியூகத்துக்கு ஈடில்லை. தரையளவில் அதற்கு ஒரு குறை உண்டு. நடுவிலுள்ள சுருளில் பாதை இறுக்கமாகிக்கொண்டே போவதால், உள்ளே போன பிள்ளைகள் நின்று திரும்ப இடமில்லை. நடுவில் நான்கு பேர் உட்கார்ந்து கதை கேட்கவும் முடியாது. சுருளை அகலமாக்கினால் மற்றச் சுற்றுகள் குறுகும். மேலும் அதன் வித்தைப் பெரிய அளவில் பிசகின்றி வரைய, மூன்று கைகளையும் சம கோணத்தில் பிரிக்க வேண்டும். கயிறும் ஆணியும் கொண்டு செய்யலாம்தான், ஆனால் கூட்டல் குறி போடுவதைப் போல அது குழந்தைகள் கையில் விடக்கூடிய வேலை அல்ல.

பதினொரு சுற்று வடிவத்தைப் பற்றி நீளமாக எழுத வேண்டிய அவசியம் இல்லை. பிரான்சின் சார்த்ர தேவாலயத்தில் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிக்கப்பட்ட அந்தச் சுழலின் குறுக்களவு ஏறக்குறைய 42 அடி, நடக்கும் தூரம் கால் கிலோமீட்டருக்கு மேல், பாதையின் அகலமோ ஒன்றேகால் அடிக்கும் குறைவு. அதை 35 அடிக்குள் சுருக்கினால் பாதை ஓரடி ஆகிவிடும். அமைதியாக, ஒருவர் பின் ஒருவராகத் தியானத்தில் நடக்கும் பெரியவர்களுக்கு அது போதும். நம் பிள்ளைகள் அப்படி நடப்பார்கள் என்று நம்புகிறவர் யாராவது இருந்தால், ஒரு நாள் மாலை படிப்பகத்துக்கு வந்து பார்க்கலாம்.

இப்போது பிள்ளைகளே கேட்பது: கிளைவழி. பெரியவர்கள் இதை ‘வெளிநாட்டு விளையாட்டு’ என்று ஒதுக்கிவிட்டார்கள். அந்த ஒதுக்கலில் எனக்கு உடன்பாடில்லை. கிளைவழிகளின் வரைபடங்கள் ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில்தான் தலைகாட்டுகின்றன. பிறகு அரண்மனைத் தோட்டங்களில் ஆளுயரச் செடிவேலிகளாக வளர்ந்தன. லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட்டில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில், மூன்றாம் வில்லியம் காலத்தில் நட்ட புதிர்த்தோட்டம் இன்றும் மக்களை வழிதவற வைத்துக்கொண்டிருக்கிறது. அதாவது, தீசியஸின் கதை இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்த படம், அப்போதுதான் அதற்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு வெகுஜனக் கலை அந்தப் படத்தை விடவேயில்லை. 1980-இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட ‘பேக்-மேன்’ விளையாட்டில் நான்கு பேய்கள் துரத்த, கிளைச்சந்துகளில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மிருகம் ஒன்றுக்குப் பதில் நான்கு, நூலுக்குப் பதில் தின்ன வேண்டிய புள்ளிகள். அதே ஆண்டு வந்த ‘தி ஷைனிங்’ படத்தில் செடிவேலிப் புதிருக்குள் சிறுவனை அவனுடைய அப்பனே கோடரியோடு துரத்துகிறான். சிறுவன் பனியில் பதிந்த தன் காலடித் தடத்திலேயே பின்னோக்கி நடந்து, தடத்தை முடித்துக்காட்டி, தப்பிக்கிறான். அரியாட்னேயின் நூலைத் திருப்பிப் போட்ட உத்தி இது. அந்தப் படத்துக்கு மூலமான நாவலில் செடிவேலிப் புதிரே கிடையாது, விலங்கு உருவில் வெட்டிய செடிகள்தான் உண்டு. புதிரைச் சேர்த்தது சினிமா. கனவுக்குள் கனவாகப் போகும் 2010-ஆம் ஆண்டின் ‘இன்செப்ஷன்’ படத்தில் புதிர்களை வடிவமைக்கும் பெண்ணுக்கு அரியாட்னே என்றே பெயர் வைத்தார்கள். ஹாரி பாட்டர் வரிசையின் நான்காம் புத்தகத்தில் கடைசிப் போட்டி நடப்பதும் செடிவேலிப் புதிருக்குள்தான். நம் படிப்பக அலமாரியில் மிகவும் கிழிந்துபோன புத்தகம் அது; பிள்ளைகள் இதைக் கேட்பதில் வியப்பில்லை.

ஆனால் கிளைவழிக்குச் சுவர் வேண்டும். தரையில் வரைந்த கிளைவழியில் மேலிருந்து பார்த்தே விடை தெரிந்துவிடும். வீடியோ கேமில் மேலிருந்து பார்ப்பது பொருந்துகிறது என்றால், அங்கே பேய்கள் துரத்துகின்றன. செடிவேலி வளர்க்க நமக்கு மண்ணும் இல்லை, கடற்காற்றுக்கு அது தாங்காது. தார்ப்பாய் கட்டினால் மே மாதத்தில் உள்ளே அனலாகிவிடும், அழுகிற குழந்தை எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. இதற்கு விடை எங்கள் கூட்டத்தில் வலை பின்னுகிற ஒரு பெரியவர் வாயிலிருந்து வந்தது. “ஏம்பா, பழைய வலை அவ்ளோ கிடக்குதே, சவுக்குக் கட்டைல கட்டி உட்டா காத்தும் வரும், புள்ளையும் தெரியும்” என்றார். சந்துகளில் ஒன்றின்மேல் ஒன்றாக நான்கைந்து வலைகள் வந்துவிழும்போது எதிரே எது திறந்த வழி, எது மூடிய வழி என்று கண்ணுக்குச் சட்டென்று புலப்படாது; ஆனால் உள்ளே இருக்கும் பிள்ளையின் சட்டை நிறம் வெளியே நிற்கும் அம்மாவுக்குத் தெரியும். இதைவிட நல்ல யோசனை எனக்குத் தோன்றவில்லை. கட்டைகளைத் தரையில் நட முடியாது என்பதால் மணல் நிரப்பிய பெயின்ட் வாளிகளில் நிறுத்தலாம். பிழைத்து வரும் ஒரு வித்தையையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும்: வலது கையை வலையில் வைத்து, எடுக்காமலே நடந்துகொண்டிருந்தால், முட்டுச்சந்துகளுக்குள் போய்த் திரும்பினாலும் கடைசியில் வாசலுக்கு வந்துவிடலாம். எல்லா வலைகளும் வெளிச்சுற்றோடு தொடர்ந்திருந்தால்தான் அந்தக் கை, போகவேண்டிய இடத்துக்கும் நம்மைக் கூட்டிப்போகும். நடுவில் தனித் தீவாக ஒரு வலைக்கட்டு நின்றால் அதற்குள் இருக்கும் இடத்தை அது காட்டாது. எனவே கட்டும்போது தீவு விடக்கூடாது.

சிக்குக் கோலம் வேண்டும் என்றவர்கள் சொன்ன காரணம் வலுவானது: புள்ளிகளைச் சுற்றி ஒரே கோடாக வளைந்து தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் கோலமும் ஒரு சுழல்தான், அது இந்த மண்ணின் சுழல். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1970-களில் கோலங்களை வைத்துக் கணினி இலக்கண ஆய்வு செய்து உலகக் கவனத்தை ஈர்த்தார்கள். ஆனாலும் கோலம் நடப்பதற்கு உகந்ததல்ல. அதன் கோடு தன்னையே குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு வெட்டிலும் நேராகப் போவதா திரும்புவதா என்று நடப்பவர் தடுமாறுவார். அதற்கு நடுவும் இல்லை, வாசலும் இல்லை. கோலத்தின் இடம் படிப்பகத்து வாசல்; அங்கே பெரிதாகப் போடுவோம். பரமபதப் படத்தைத் தரையில் வரையலாம் என்றும் ஒருவர் சொன்னார். அது தாயம் விழும் கணக்கில் ஓடும் விளையாட்டு, வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை: நிரந்தரமாக வரைவது ஏழு சுற்று ஒற்றைவழியாக இருக்கட்டும். கோடையில் நடத்தும் விழாவின் இரண்டு மாலைகளுக்கு மட்டும் அதே தரையில் வலைக் கிளைவழி நிற்கட்டும். ஏழு சுற்றைத் தேர்ந்தெடுப்பதால் கிரேக்கத்துக்கு வாக்களித்து அபிமன்யுவைக் கைவிட்டதாக ஆகாது. பொள்ளாச்சிக்கு அருகே கெடிமேட்டில் கற்களை அடுக்கிச் செய்த பெரிய சதுரச் சுழல் இருக்கிறது. ஏழு சுத்துக் கோட்டை என்று தமிழ்நாட்டில் வழங்கும் வடிவம் இதே குடும்பம்தான். தென்னிந்திய வாசல் கோலங்களிலும் பச்சை குத்தும் வடிவங்களிலும் இது இருப்பதை 1937-இலேயே ஜான் லேயார்டு என்ற ஆங்கில மானிடவியலாளர் எழுதியிருக்கிறார். ஸ்வீடன், பின்லாந்து கடலோரங்களிலும் இதே சுழல்கள் கற்களால் ஆனவையாக நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. நல்ல மீன்பாடு கிடைக்கவும் கெட்ட காற்றை உள்ளே சிக்க வைத்துவிட்டுக் கடலுக்குப் போகவும் மீனவர்கள் அவற்றில் நடந்தார்கள் என்பது அங்கே வழங்கும் நம்பிக்கை. காசிமேட்டுத் தரைக்கு இதைவிடப் பொருத்தமான உறவு எங்கே தேடுவது? ஆகவே தீசியஸ் கதையும் அபிமன்யு கதையும் இரண்டுமே இந்தப் பாதையின் நடுவில் சொல்லப்பட வேண்டும். அபிமன்யு கதை பிள்ளைகளுக்குச் சோகமானது என்ற ஆட்சேபம் எழுந்தது. கூத்தில் அதைப் பார்த்து விடிய விடிய விழித்திருந்த பிள்ளைகள்தானே நாம் எல்லோரும். அதைவிட, வெளியே வரும் வழியை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்று கேட்ட குழந்தை, அங்கிருந்து தானே எழுந்து வெளியே நடந்து வருவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

அளவு இப்படி வைக்கலாம். பாதையின் அகலம் ஒன்றே முக்கால் அடி. இந்த வடிவத்துக்குப் பாதை அகலத்தைப் போல ஏறக்குறைய 16 மடங்கு குறுக்களவு தேவைப்படும். அது 28 அடி. நடுவை ஐந்தடி அகலமாக விரித்தாலும் 33 அடிக்குள் அடங்கிவிடும். ஓரத்தில் நிற்க ஒவ்வொரு பக்கமும் ஓரடி மிஞ்சும். உள்ளே போக மட்டுமே நடை 300 அடிக்குக் குறையாது. ஒரே பாதையில் போகிறவரும் வருகிறவரும் முட்டிக்கொள்வார்கள் என்பது உண்மையான சிக்கல். ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக் காட்டில் உள்ள பழைய சுழலில் நடுவிலிருந்து வெளியேற ஒரு குறுக்குவழி தனியாக விட்டிருக்கிறார்கள். அதைப் போல நாமும் விடலாமா என்று பேசினோம். வேண்டாம் என்பதே என் கருத்து, ஏனெனில் குறுக்குவழி தெரிந்த பிறகு ஒரு பிள்ளையும் முழுச் சுற்று நடக்காது. அதற்குப் பதில் பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டு, எல்லோரும் நடுவை அடைந்து கதை கேட்ட பிறகு ஒன்றாகத் திரும்பட்டும்; நடுவில் பத்துப் பேர் நெருக்கி உட்கார ஐந்தடி போதும்.

கோடு வரையும் நாளை மே மாத முதல் வாரத்துக்கு மேல் தள்ளக்கூடாது. பெயின்ட் நன்றாகக் காய ஒரு வாரம் வேண்டும், அதற்கு முன் வலைக்கட்டைகளின் வாளிகளை அதன்மேல் இழுத்தால் கோடு உரிந்துவிடும். நடை மாலை ஐந்து மணிக்கு மேல் மட்டுமே, ஏனெனில் மதியம் அந்தச் சிமென்டில் வெறுங்கால் வைக்க முடியாது. கோடுகள் வெள்ளையாகவே இருக்கட்டும். இருட்டிய பின்னும் தெருவிளக்கு வெளிச்சத்தில் தெரியும், மங்கினால் சுண்ணாம்பு கலந்து நாமே திரும்பத் தீட்டிவிடலாம்.